வெள்ளையடிப்பது அப்புறம், முதலில் நாத்தனாருக்கு ஒரு போன்

கேள்வி: எனக்கு 64 வயது. ஓய்வுபெற்ற அரசு ஊழியர். குரோம்பேட்டையில் ஒரு கிரவுண்டு மனையில் எங்கள் தனி வீடு. கணவர் 1986-ல் மனை வாங்கி, வங்கிக் கடனில் 1988-ல் கட்டினார். 1999-ல் மாடியில் ஒரு போர்ஷன் எடுத்தோம். எட்டு வருடமாக அதில் ஒரே குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கணவர் 2022 ஆகஸ்டில் காலமானார். உயில் எழுதவில்லை. எங்களோடு இருந்த மாமியார் 2024 ஜனவரியில் தவறினார். மகன் பெங்களூரில், மகள் நியூஜெர்சியில், நாத்தனார் கோவையில். வீட்டை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாட் வாங்கிப் போய்விட நினைக்கிறேன். ஒரு தரகர் 2 கோடியே 40 லட்சம் போகும் என்கிறார். இன்னொருவர் 1 கோடியே 75 லட்சம்தான், தெற்குப் பார்த்த வீடு என்பதால் அதுவும் இழுக்கும் என்கிறார். 6 லட்சம் போட்டு டைல்ஸும் மாடுலர் கிச்சனும் மாற்றினால் நல்ல விலை வரும் என்பது மகனின் கட்சி. எவ்வளவு செலவழிக்கலாம், என்ன விலை சொல்லலாம், தைக்குள் முடியுமா? வாசல் வேப்பமரத்தையும் வெட்டச் சொல்கிறார்கள். வெட்டலாமா?

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது செலவையும் விலையையும் பற்றி. என் கண் நின்றதோ, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்: "மாமியார் 2024 ஜனவரியில் தவறினார்." உங்கள் கணவருக்குப் பின் தவறினார் என்பதுதான் இந்த வீட்டு விற்பனையில் பெரிய விஷயம். அதை முதலில் பேசிவிடுவோம்.

நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருபவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, பிள்ளைகள் ஆகியோரோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆக 2022 ஆகஸ்டிலேயே இந்த வீடு நான்கு பேருக்குச் சொந்தமாகிவிட்டது. உங்களுக்குக் கால் பங்கு, மகனுக்குக் கால், மகளுக்குக் கால், மாமியாருக்குக் கால். அப்போது தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், நான்கு பெயர் இருக்கும். இப்போது மாமியார் இல்லை. அதனால் அவருடைய கால் பங்கு தானாக உங்களிடம் திரும்பி வந்துவிடாது. அவரும் உயில் எழுதவில்லை, மாமனாரும் முன்பே இல்லை, அவருக்கு உங்கள் கணவரும் கோவை நாத்தனாரும் மட்டுமே பிள்ளைகள் என்றால், அந்தக் கால் பங்கில் பாதி நாத்தனாருக்கு. மீதிப் பாதி, முன்பே இறந்த மகனின் பிள்ளைகள் என்ற முறையில் உங்கள் மகனுக்கும் மகளுக்கும். உங்களுக்கு அதில் எதுவும் வராது. இன்றைய கணக்கு இது: உங்களுக்கு 16-ல் 4, மகனுக்கு 5, மகளுக்கு 5, நாத்தனாருக்கு 2.

அதாவது இந்த வீட்டில் எட்டில் ஒரு பங்கு கோவையில் இருக்கிறது. அவரது கையெழுத்து இல்லாமல் கிரயம் நிற்காது.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. சில வருடங்களுக்கு முன் சேலையூர் பக்கம் ஒரு வீட்டுக்கு நானே ஆள் பிடித்துக் கொடுத்தேன். பத்து லட்சம் அட்வான்ஸ் கை மாறிவிட்டது. விற்ற அம்மா அதை அப்படியே ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸாகக் கட்டிவிட்டார். வாங்குபவர் வங்கிக் கடனுக்குப் போனார். அந்த வங்கியின் வக்கீல் காகிதத்தைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தம்மா வீட்டுக்காரரோட தாயார் எப்போ இறந்தாங்க?" மகனுக்குப் பின் ஆறு மாதம் கழித்து. அந்தத் தாயாருக்கு இன்னும் மூன்று பிள்ளைகள், அதில் ஒருவரோடு பத்து வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க ஏழு மாதம் ஆனது. அதற்குள் பிளாட் அட்வான்ஸ் போயே போய்விட்டது. அந்தக் கேள்வியை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் கேட்டுவிடுகிறேன்.

எனவே நாத்தனாருக்குப் போன் செய்யுங்கள். புரோக்கர் பேசி விலை படிந்த பிறகு அல்ல, இந்த வாரமே. விலை தெரிந்த பிறகு போகும் போன் வேறு மாதிரி கேட்கும். "அண்ணி, எனக்கு எதுவும் வேண்டாம்" என்று அவர் சொல்லலாம். சொன்னாலும் வாய்வார்த்தையில் பங்கு போகாது. ஒன்று, உங்கள் எல்லோரோடும் சேர்ந்து கிரயப் பத்திரத்தில் அவரும் விற்பவராகக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்கூட்டியே பதிவு செய்து தர வேண்டும். எது செலவு குறைவு என்பதை வக்கீல் கணக்குப் போட்டுச் சொல்வார். பங்கு வேண்டும் என்று அவர் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அவர் கேட்பது உதவி அல்ல, அவருடையது. மாமியாருக்குத் தனியாக இறப்புச் சான்று, தனியாக வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதற்கு இன்றே விண்ணப்பியுங்கள்.

அடுத்தது மகள். அவர் வர முடியாவிட்டால் உங்களுக்கோ உங்கள் மகனுக்கோ பவர், அதாவது தன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம், எழுதித் தரலாம். அங்கே இந்தியத் துணைத் தூதரகம் வழியாகச் சான்று பெற்றோ, நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அந்த ஊர் அரசு தரும் சான்று) வாங்கியோ அனுப்ப வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பதிவுத்துறையில் முத்திரைத் தீர்வை கட்டி அதைச் செல்லுபடியாக்கிவிட வேண்டும். இந்த மூன்று மாதக் கெடுவைத் தவறவிட்டுத் திரும்ப அமெரிக்காவுக்குக் காகிதம் அனுப்பிய குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தரகருக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் பவர் கொடுக்காதீர்கள். "நீங்க அலைய வேண்டாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று வருவார்கள். கொஞ்சம் அலைந்தால் பரவாயில்லை.

வெளிநாட்டில் இருப்பவர் பங்கில் இன்னொரு சிக்கல் உண்டு. விற்பனைத் தொகை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், இந்தியாவில் வசிப்பவருக்குத் தரும் பணத்தில் வாங்குபவர் 1% வரி பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாட்டில் வசிப்பவர் பங்குக்கு அந்த 1% கணக்கு செல்லாது. 12.5%, அதற்கு மேல் செஸ் முதலியவை பிடிக்க வேண்டும். பலர் பயந்துகொண்டு லாபத்தின் மேல் பிடிக்காமல் மொத்தத் தொகையின் மேலேயே பிடித்துவிடுவார்கள். வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கினால் தப்பலாம். வேறு வழியும் இருக்கிறது. வீடு விற்ற பணத்தில் பிளாட் வாங்கப் போவது நீங்கள்தானே. மகனும் மகளும் மனம் ஒப்பித் தங்கள் பங்கை உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்துவிட்டால், வாங்குபவருக்கு வெளிநாட்டு விற்பனையாளர் என்ற தலைவலி இல்லை. குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1%தான், அதுவும் அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. ஆனால் இது பிள்ளைகள் தாமாக முன்வந்து செய்ய வேண்டிய காரியம். நீங்கள் கேட்டு அவர்கள் தலையாட்டுவது வேறு. ஆடிட்டர் ஒருவர் எதிரில் எல்லோரும் வீடியோ காலில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றை 1986-லிருந்து எடுங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். கணவர் வாங்கிய கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஒரிஜினல் பத்திரமும் பீரோவில் இருக்கும். ஆனால் வில்லங்கத்தில் அந்த அடமானம் இன்னும் அப்படியே நிற்கலாம். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை வங்கி பதிவு செய்து தந்தால்தான் அது கழியும். பட்டாவையும் பாருங்கள். புறநகரில் எத்தனையோ வீடுகளுக்கு முப்பது வருடம் கழித்தும் பட்டா மனைப்பிரிவு போட்டவர் பெயரிலேயே கிடக்கிறது. சொத்து வரி ரசீது, ஈ.பி. கார்டு, பட்டா எல்லாவற்றிலும் கணவர் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்றும் ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 1999 மாடிக்கு அனுமதி வரைபடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வங்கி மதிப்பீட்டாளர் மாடியைக் கணக்கில் சேர்க்க மாட்டார். அப்போது கடன் வாங்கி வருபவர் கேட்கும் விலை குறையும். முன்பே தெரிந்தால் அதற்கேற்ப விலை சொல்லலாம்.

சரி, இப்போது விலை.

ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. 2 கோடியே 40 லட்சம் சொன்ன தரகர் சதுர அடிக்கு 10,000 என்கிறார். 1 கோடியே 75 லட்சம் சொன்னவர் ஏறக்குறைய 7,300 என்கிறார். இருவரும் மனைக்குத்தான் விலை சொல்கிறார்கள், கவனித்தீர்களா? 37 வருடக் கட்டடத்தை யாரும் எண்ணவே இல்லை. அது சரியும்கூட. உங்கள் வீட்டை வாங்க வருபவர்களில் பாதிப் பேர் இடித்துவிட்டுக் கட்டத்தான் வருவார்கள். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்டுபவர்கள் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே கட்டட அனுமதி பெறலாம். உங்கள் மனை அந்த அளவுக்குள் கச்சிதமாக அடங்குகிறது. தரகரிடமும் பார்க்க வருபவரிடமும் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

அதிக விலை சொன்ன தரகர் நல்லவர், குறைத்துச் சொன்னவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். விற்பவரிடம் கூட்டிச் சொன்னால் வீடு தன் கைக்கு வரும், மூன்று மாதம் கழித்து "மார்க்கெட் டல்லுங்க" என்று இறக்கிக்கொள்ளலாம் என்பது இந்தத் தொழிலில் பழைய உத்தி. குறைத்துச் சொல்பவர் சில சமயம் கையிலேயே ஒரு பில்டரை வைத்திருப்பார். உண்மை விலை தெரிய ஒரு வழி சொல்கிறேன். உங்கள் மகனை விட்டு, உங்கள் பகுதியில் ஐந்தாறு தரகர்களுக்கு வாங்குபவர் மாதிரி போன் போடச் சொல்லுங்கள். "குரோம்பேட்டையில் ஒரு கிரவுண்டு, பழைய வீடு இருந்தாலும் பரவாயில்லை, என்ன ரேட்?" விற்பவருக்குச் சொல்லும் விலையும் வாங்குபவருக்குச் சொல்லும் விலையும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும். அப்புறம், உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் ஒன்றரை வருடத்துக்குள் கைமாறிய வீடுகளை விசாரியுங்கள். பத்திரத்தில் எழுதிய தொகையை நம்ப முடியாது. வாங்கியவர் வீட்டுக்கே போய், நானும் விற்கப்போகிறேன் என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். பக்கத்து மனை விலை ஏறினால் அவர்களுக்கும் சந்தோஷம்தானே.

தெற்குப் பார்த்த வீட்டுக்கு ஆள் குறைவு என்பது உண்மை. கேட்டில் நின்றே திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அதைச் சொல்லிப் பத்து லட்சம் குறைக்கப் பார்ப்பவரிடம் அசராதீர்கள். வாஸ்து பார்ப்பவர் எப்படியும் வாங்க மாட்டார். வாஸ்து பார்க்காதவருக்குத் தள்ளுபடி எதற்கு? தெருவின் அகலமும் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்பதும்தான் உங்கள் பக்கம் விலையை உண்மையில் தூக்கவோ இறக்கவோ செய்யும். வீட்டுக்குள் வரவில்லை என்றால் அதைப் பெருமையாகவே சொல்லலாம். வந்திருந்தால் மறைக்க வேண்டாம். பார்க்க வருபவர் திரும்பும் வழியில் முனைக் கடையில் கேட்கத்தான் போகிறார்.

விசாரித்ததில் சதுர அடி 7,900 என்று படிகிறது என்று வையுங்கள். மனைக்கு ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம். அப்படியானால் கேட்கும் விலை 2 கோடிக்கு ஓரிரு லட்சம் கூடக் குறைய இருக்கட்டும், 2 கோடியே 40 லட்சம் வேண்டாம். அதிகமாகச் சொல்லி இறங்கி வரலாம் என்பது கத்தரிக்காய்க்குச் சரி, வீட்டுக்குச் சரிவராது. முதல் மூன்று வாரத்தில் வருகிற ஆள்தான் அசல் ஆள். அவரை விலையால் விரட்டிவிட்டால், ஆறு மாதம் கழித்துத் தரகர்கள் தங்களுக்குள் "அந்த வேப்பமரத்து வீடா, அது ரொம்ப நாளா சுத்துதே" என்று பேச ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் நியாயமான விலையே வராது. வாங்குபவர் பக்கத்துக் கணக்கையும் மனதில் வையுங்கள். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. 1 கோடியே 90 லட்சத்துக்கு வாங்கினால் பத்திரச் செலவே 17 லட்சத்து 10 ஆயிரம். "என் பட்ஜெட் ரெண்டு கோடிங்க" என்று ஒருவர் சொன்னால், அதில் உங்களுக்கு வரக்கூடியது 1 கோடியே 83 லட்சம்தான்.

இந்த 9%-ஐ மிச்சம் பிடிக்கத்தான் "வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுட்டு மீதியைக் கையில தர்றேன்" என்று வருவார்கள். வழிகாட்டி மதிப்பு என்பது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கட்ட வேண்டி வரலாம். நேர்மை நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். 64 வயதில் தனியாக இருக்கும் நீங்கள் 60 லட்சம் ரொக்கத்தை எங்கே வைப்பீர்கள்? பெங்களூர் பிளாட்டுக்கு அதை எப்படிக் கொடுப்பீர்கள்?

செலவு விஷயத்தில் மகன் சொல்வதை நான் ஏற்கவில்லை. இடிக்க வருபவருக்கு மாடுலர் கிச்சன் எதற்கு? குடியிருக்க வருபவருக்கும் அவர் வீட்டு அம்மாவின் ரசனைதான் முக்கியம். 6 லட்சம் போட்டால் 6 லட்சம் திரும்பாது. அதில் நாலில் ஒரு பங்கை வேறு இடத்தில் போடுங்கள்.

வீடு பார்க்க வருபவர்கள் தரையை அதிகம் பார்ப்பதில்லை. பாத்ரூமில் தலையைத் தூக்குவார்கள், மாடிப்படிக்குக் கீழே தூக்குவார்கள், சன்ஷேடுக்கு அடியில் தூக்குவார்கள். காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் போச்சு. எனவே பணம் முதலில் மொட்டை மாடிக்குப் போகட்டும். தட்டோடு விரிசலை அடைத்து, மழைநீர்க் குழாய் வாயைச் சுத்தம் செய்து, ஓதம் எங்கிருந்து இறங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். துருப்பிடித்த கம்பியைச் சுரண்டிப் பூசிவிட்டு அப்புறம்தான் வெள்ளை. ஓதத்தின் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் இரண்டு மழையில் அது திரும்ப வந்து எட்டிப் பார்க்கும்.

மறைக்கவும் வேண்டாம். பல்லாவரத்தில் ஒருவர் ஓதம் பிடித்த ஹால் சுவரில் முருகன் காலண்டர்களை வரிசையாக மூன்று மாட்டியிருந்தார். வீடு பார்க்க வந்த பெரியவர் முருக பக்தர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய், நடுக் காலண்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரலில் ஈரச் சுண்ணாம்பு. அவர் ஒன்றும் பேசவில்லை. காலண்டரை மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, மற்ற இரண்டையும் தூக்கிப் பார்த்தார். பிறகு வீடு முழுக்க எதையெல்லாம் தூக்க முடியுமோ அதையெல்லாம் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கு நானும் கூட இருந்தேன். பேச வந்த விலையில் நான்கு லட்சம் அந்தச் சுவரோடு போனது, ஓதத்தைச் சரிசெய்ய முப்பதாயிரம்கூட ஆகியிருக்காது.

மற்றபடி சம்ப்பைக் கழுவிவிடுங்கள். ஒழுகும் குழாய்களை மாற்றுங்கள். எல்லா லைட்டும் எரியட்டும். கேட்டுக்கு ஒரு கோட் பெயின்ட். மொட்டை மாடியில் இருக்கும் உடைந்த நாற்காலி, பழைய கூலர், கணவரின் ஸ்கூட்டர் உதிரிகள் என்று எதையாவது சேர்த்து வைத்திருப்பீர்கள், எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதைக் காயலான் கடைக்குப் போடுங்கள். பெங்களூர் பிளாட்டில் எப்படியும் இடம் இருக்காது. முப்பத்தேழு வருடச் சாமானில் பாதி குறைந்தாலே ஹால் இரண்டு அடி அகலமானது போல் தெரியும்.

மாடிக் குடித்தனக்காரரிடம் விற்கப் போவதை நீங்களே போய்ச் சொல்லுங்கள், தரகர் மூலம் அவருக்குத் தெரிய வேண்டாம். எட்டு வருடம் இருந்தவர், பிள்ளைகள் பள்ளியெல்லாம் அங்கேதான் இருக்கும். அவரே வாங்குகிறேன் என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை, அப்படி இரண்டு வீடு முடித்திருக்கிறேன். இல்லையென்றால், பதிவுக்கு முன் காலி செய்வதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தரும் தேதியையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

இப்போது ஆடி. தைக்குள் விற்று முடிக்க வேண்டும் என்கிறீர்கள். தையை முடிவாக வைக்காமல் தொடக்கமாக வையுங்கள். ஆடியில் யாரும் அட்வான்ஸ் தர மாட்டார்கள், மார்கழியிலும் தர மாட்டார்கள், புரட்டாசியில் புதுமனை புகுவிழா கிடையாது. அந்த மந்தமான மாதங்கள் உங்களுக்கு லாபம். இப்போதிலிருந்து புரட்டாசி வரை வாரிசுச் சான்றிதழ், பவர், விடுதலைப் பத்திரம், பட்டா என்று காகித வேலையைப் பாருங்கள். மாடி வேலையும் வெள்ளையும் ஆவணி, புரட்டாசியில் முடிந்துவிட வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பெயின்ட் காயாது. போட்டோக்களை வெயில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். கார்த்திகையில் தரகர்களிடம் சொல்லலாம். தெருவில் தண்ணீர் நிற்காது என்றால் மழை நாளிலேயே ஆளைக் கூட்டி வரச் சொல்லுங்கள், அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. தை பிறந்ததும் பேச்சு சூடு பிடிக்கும். நல்ல நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் தரும் அளவுக்குக் கூட்டம் இருக்கும்.

பதிவைப் பங்குனி முதல் பாதியில் வைப்பதா, சித்திரையில் வைப்பதா என்று வந்தால், முடிந்தால் சித்திரைக்குத் தள்ளுங்கள். மார்ச் 31-க்குள் விற்றால் நான்கு மாதத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஏப்ரலில் விற்றால் அதற்கு இன்னும் ஒரு வருடம் கிடைக்கும். இதில் என்ன இருக்கிறது என்றால், விற்ற தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் இந்தியாவில் வேறு வீடு வாங்கினால் போட்ட அளவுக்கு மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற லாபத்துக்கான வரி, கிடையாது. ஆனால் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வாங்கி முடிக்காவிட்டால், மீதத்தை வங்கியில் அதற்கென்று உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். ஏப்ரல் பதிவு என்றால் பிளாட் தேட அவசரமில்லை. பிளாட்டுக்குப் போக மிஞ்சும் லாபத்துக்கு ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை குறிப்பிட்ட அரசு நிறுவனப் பத்திரங்களில் போடலாம், ஐந்து வருடம் எடுக்க முடியாது.

வரி எவ்வளவு என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. 2001-க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. உங்கள் மாடியும் 1999 என்பதால் அதற்குள் அடங்கிவிடுகிறது. அது 12 லட்சம் என்று வைத்தால், 1 கோடியே 90 லட்சத்துக்கு விற்கும்போது பணவீக்கக் குறியீடு பார்க்காத லாபம் 1 கோடியே 78 லட்சம். 12.5% வரி 22 லட்சத்து 25 ஆயிரம். 2025-26 நிதியாண்டின் குறியீடான 376-ஐப் போட்டால் அடக்க விலை 3.76 மடங்காகி 45 லட்சத்து 12 ஆயிரமாகும், லாபம் குறையும், ஆனால் வரி 20%. ஏறக்குறைய 29 லட்சம் வரும். பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் 12.5%தான் லாபம். இரண்டில் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் சலுகை இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும், மகளுக்கு 12.5% ஒன்றுதான். 2001 மதிப்புக்கு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி வையுங்கள்.

ஒப்பந்தம் போடும்போது ஒரு எச்சரிக்கை. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கட்டாயம். பதிவு செய்த ஒப்பந்தம் உங்கள் வில்லங்கத்தில் ஏறிவிடும். வாங்குபவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காணாமல் போனால், அவரும் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அது சுலபமாக நீங்கும். இல்லாவிட்டால் கோர்ட்டுதான். அதனால் சின்ன அட்வான்ஸுக்கு நீண்ட தவணை கொடுக்காதீர்கள். பத்து சதவீதமாவது வாங்கி, மூன்று மாதத்துக்கு மேல் போகாமல் தேதி போடுங்கள். கடனில் வாங்குபவர் என்றால், ஒப்பந்தத்துக்கு முன்பே உங்கள் காகிதங்களின் ஜெராக்ஸை அவருடைய வங்கி வக்கீல் பார்த்துவிடட்டும். ஜெராக்ஸ் ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். ஒரிஜினல் பதிவு நாளன்று, பணம் கணக்கில் ஏறிய பிறகு, சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் கை மாற வேண்டும்.

தரகர் கமிஷன் ஒரு சதவீதமா இரண்டா என்பதை ஆளைக் கூட்டி வரும் முன்பே பேசிவிடுங்கள். இரண்டு தரகருக்கு மேல் சொல்ல வேண்டாம். நீங்கள் தனியாக இருப்பதால், முன்கூட்டியே போன் செய்யாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். மாடி வீட்டுக்காரரோ மகனோ இருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

வேப்பமரத்தை வெட்ட வேண்டாம். ஹால் ஜன்னலை மறைக்கும் கிளையையும் ஈ.பி. ஒயரில் படும் கிளையையும் மட்டும் கழித்துவிட்டு, அடியில் சருகைப் பெருக்கி வையுங்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் வெயிலில்தான் வருவார்கள். கேட்டைத் திறக்கும் வரை அவர்கள் நிற்கப்போவது அந்த நிழலில்.